புழுவுக்கும் நமக்கும் ஒரே பந்தி

"இலையில மட்டும்தான் சார். காய்க்கு வராது, விதைக்கு வராது. நீங்க தாராளமா சாப்பிடலாம்."

சில மாதங்களுக்கு முன் ஒரு சிறிய அரங்கில், மரபணு மாற்றப்பட்ட பயறு வகைகளைப் பற்றிப் பேச வந்தவர் சொன்ன வரி இது. திசு சார்ந்த ப்ரமோட்டர் என்ற சொல்லை மூன்று நான்கு முறை சொன்னார். திரையில் ஒரு கொண்டைக்கடலைச் செடி. இலைகளுக்கு மட்டும் பச்சை வட்டம், காய்களுக்கு வட்டம் இல்லை. அரங்கில் ஒரு நிம்மதி பரவியதைப் பார்க்க முடிந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து கேட்டார்: "அய்யா, காய்ப்புழு இலையவா திங்குது? அது காய்க்குள்ளதானே தலைய விட்டுக்கிட்டு இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சாளரும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அந்தப் பெரியவரின் கேள்விக்கு பதில் சொல்லாமல் பயறு வகைகளில் மரபணு மாற்றத்தைப் பற்றி யாரும் ஒரு வரிகூடப் பேசக்கூடாது என்பது என் கட்சி. இதைச் சொல்வதால் நான் எதிர்ப்பாளர் முகாம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த முகாமுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. வரிசையாக வருகிறேன்.

முதலில் என் பாவத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். மரபணு என்றால் ஒரு ஃபங்ஷன், ப்ரமோட்டர் என்றால் அதற்கு மேலே எழுதிய 'இஃப்' வரி என்று நானே பலருக்கு விளக்கியிருக்கிறேன். இஃப் இலை, அப்படியானால் ஓடு. இல்லாவிட்டால் சும்மா இரு. கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும். அந்த அரங்கின் பச்சை வட்டமும் இதே உவமையின் படம்தான். உவமை தவறு என்பது எனக்குப் புரியக் கொஞ்சம் அவரை விதையைப் பற்றிப் படிக்க வேண்டியிருந்தது.

இந்தத் துறையின் கதை தொடங்குவதே பயறு குடும்பத்தில்தான். நாம் ராஜ்மா என்றும் பீன்ஸ் என்றும் சாப்பிடும் ஃபேசியோலஸ் வல்காரிஸ் விதையில் நிரம்பிக் கிடக்கும் சேமிப்புப் புரதத்தின் பெயர் ஃபேசியோலின். 1983இல் டிமோதி ஹால், ஜான் கெம்ப் இருவரின் விஸ்கான்சின் குழு அதன் மரபணுவை சூரியகாந்தி செல்களுக்குள் கொண்டுபோனது. ஒரு தாவரக் குடும்பத்தின் மரபணு இன்னொரு குடும்பத்துக்குள் போய் வேலை செய்ததற்கு ஆரம்பகாலச் சாட்சி அது. 'சன்பீன்' என்று செல்லப்பெயர்கூட வைத்தார்கள். உண்மையான அதிசயம் 1985இல் வந்தது. அதே மரபணுவை அதன் சொந்த ப்ரமோட்டரோடு புகையிலையில் வைத்தார்கள். புகையிலை அதற்கு முன் ஃபேசியோலினைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் புரதம் குவிந்தது விதையில். அதுவும் விதை முதிரும் சரியான பருவத்தில். பீன்ஸின் கட்டளை புகையிலைக்குப் புரிந்திருக்கிறது! அடுத்த ஆண்டே சோயா வேர்முடிச்சின் லெக்ஹீமோகுளோபின் ப்ரமோட்டரை லோட்டஸ் என்ற தீவனப் பயறுச் செடியில் வைத்துப் பார்த்தார்கள். முடிச்சில் மட்டும் வேலை செய்தது. அந்தக் காலத்து விஞ்ஞானிகளின் உற்சாகம் எனக்குப் புரிகிறது. நானாக இருந்தாலும் இஃப் வரி என்றுதான் நினைத்திருப்பேன்.

ஆனால் ஹால் அங்கேயே நிற்கவில்லை. இலையில் ஏன் இந்த மரபணு ஊமையாக இருக்கிறது என்று அடுத்த பல ஆண்டுகள் தோண்டினார். இலைச் செல்லில் ஃபேசியோலின் ப்ரமோட்டரின் முக்கியமான இடம், நூல்கண்டில் சுற்றிய நூல் மாதிரி, ஹிஸ்டோன் புரத உருண்டையில் சுற்றிக்கொண்டு மூடிக் கிடக்கிறது. விதை வளரும்போது மட்டும் பிவிஏஎல்எஃப் என்ற புரதம் வந்து அந்தச் சுற்றைத் தளர்த்துகிறது. அது போதாது. பிறகு அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனின் அழைப்பும் வர வேண்டும். அப்போதுதான் மரபணு விழிக்கிறது. 1999இல் அவரது குழு புகையிலையில் ஒரு விஷமம் செய்து பார்த்தது. அந்தத் திறக்கும் புரதத்தை இலையிலேயே உண்டாக்கி, ஹார்மோனையும் கொடுத்தார்கள். இலை சமர்த்தாக விதை மரபணுவை இயக்கத் தொடங்கிவிட்டது.

ஆக, விதைக்கு மட்டும் என்ற கட்டளை ப்ரமோட்டரில் முழுசாக எழுதப்பட்டிருக்கவில்லை. ப்ரமோட்டர் ஒரு பூட்டு. சாவி செல்லின் இடுப்பில் தொங்குகிறது. எந்தச் செல்லிடம் எந்தச் சாவி, எந்தப் பருவத்தில், எந்த வெயிலில், எந்த வறட்சியில் என்பதெல்லாம் செடியின் குடும்ப விவகாரம். நாம் பூட்டை மட்டும் கழற்றி அடுத்த வீட்டுக் கதவில் மாட்டுகிறோம். பெரும்பாலும் வேலை செய்கிறது, ஏனென்றால் தாவரங்களின் சாவிகள் பழைய பரம்பரைச் சாவிகள். பெரும்பாலும்.

இதோடு இன்னொரு சிக்கல். புதிய மரபணு செடியின் குரோமோசோமில் எங்கே போய் உட்காரும் என்பது, வழக்கமான முறைகளில், நம் கையில் இல்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் குரல் ஏறும், இறங்கும். ஒரே கட்டமைப்பை வைத்து இருபது செடிகள் உண்டாக்கினால் இருபது அளவுகள் வரும். அதனால்தான் ஆய்வகங்கள் பல செடிகளை உருவாக்கி, அளந்து பார்த்து, ஒன்றிரண்டைப் பொறுக்கி எடுக்கின்றன. அந்த ஒரு தேர்வுக்கு 'ஈவென்ட்' என்று பெயர். ப்ரமோட்டரின் பெயரைச் சொல்வது சாதியைச் சொல்வது மாதிரி. ஈவென்டை அளந்து சொன்னால்தான் ஆளைத் தெரியும்.

பக்கத்து வீட்டின் செல்வாக்கு என்றதும் நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது, பயறு இல்லையென்றாலும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டலின் குழு உருவாக்கிய கடுகு. அதில் பார்னேஸ் என்ற, செல்லைக் கொல்லும் மரபணு, டிஏ29 என்ற ப்ரமோட்டரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மகரந்தப் பையின் உள்ளடுக்கில் மட்டும் இயங்க வேண்டியது அது. பக்கத்திலேயே களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு, எல்லா இடத்திலும் இயங்கும் 35 எஸ் ப்ரமோட்டரோடு. பக்கத்து வீட்டு ஒலிபெருக்கியின் சத்தம் இந்த வீட்டுக்குள்ளும் கேட்டது. பார்னேஸ் வேண்டாத இடங்களில் கசிந்து செடிகளைக் கெடுத்தது. அந்தக் குழு அதை மறைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வெற்று டி.என்.ஏ. துண்டை இடைச்சுவராக வைத்துச் சரிசெய்து, 2001இல் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். 'மட்டும்' என்ற சொல்லை நம்பாமல் அளந்து பார்த்து, கசிவைக் கண்டு, அடைத்தார்கள். விஞ்ஞானம் என்றால் அதுதான். அரங்கில் பச்சை வட்டம் காட்டுவது வேறு தொழில்.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம்.

பருத்தியில் நமக்கு வேண்டியது நூல். புழு தின்பது மொட்டையும் காயையும். நாம் வேறு பந்தி, புழு வேறு பந்தி. மக்காச்சோளத்தில் தண்டுத் துளைப்பான் தண்டைக் குடைகிறது. நாம் தின்பது மணியை. அங்கே தண்டில் மட்டும், இலையில் மட்டும் என்ற பேச்சுக்குக் கொஞ்சமாவது பொருள் உண்டு. பயறில்? துவரையிலும் கொண்டைக்கடலையிலும் ஹெலிகோவெர்ப்பா என்ற பச்சைக் காய்ப்புழு காயில் ஓட்டை போட்டு வளரும் விதையைத் தின்கிறது. தட்டைப்பயறில் மருக்கா என்ற புள்ளிக் காய்ப்புழு பூமொட்டில் ஆரம்பித்து, பூவைப் பின்னி, காய்க்குள் போகிறது. சேமித்து வைத்த பயறில் வண்டு விதைக்குள்ளேயே குடும்பம் நடத்துகிறது. நம் வீட்டுப் பாட்டிகள் பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவியதும், துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்ததும் அந்த வண்டுக்குப் பயந்துதான். எல்லாப் பூச்சிகளும் வந்து நிற்கும் இடம் ஒன்றே: விதை. நாமும் அங்கேதான் நிற்கிறோம். ஒரே பந்தி, ஒரே இலை.

அதனால் பயறில் புழுவைத் தடுக்கும் எந்தப் புரதமும் ஒன்று விதையில் இருக்க வேண்டும், அல்லது விதையை மூடியிருக்கும் காயின் தோலிலாவது இருக்க வேண்டும். பச்சைக் காயாகவே பொரியல் வைக்கும் தட்டைக்காய்க்கு அந்த இரண்டாவது தப்பித்தலும் கிடையாது. இதில் இரகசியம் ஒன்றுமில்லை. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு தலைப்பிலேயே சொல்கிறது. க்ரை1ஏபி, க்ரை1ஏசி இரண்டையும் ஒட்டிய மரபணுவைக் கொண்டைக்கடலையில் இரண்டு விதமாக வைத்தார்கள். ஒன்றில் எங்கும் இயங்கும் நெல்லின் ஆக்டின் ப்ரமோட்டர். இன்னொன்றில் சோயாவிலிருந்து எடுத்த, காய்க்கே உரிய எம்எஸ்ஜி ப்ரமோட்டர். அவர்கள் இலக்கு காய். புழு அங்கே இருப்பதால். அசாம் வேளாண் பல்கலைக்கழகத்தினர் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓவோடு சேர்ந்து க்ரை2ஏஏ மரபணுவை வைத்த கொண்டைக்கடலையில் அரபிடாப்சிஸ் செடியின் ரூபிஸ்கோ ப்ரமோட்டர் இருக்கிறது. "இலை ப்ரமோட்டர்" என்று மேடையில் சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த ரூபிஸ்கோ வகைதான். ரூபிஸ்கோ ஒளிச்சேர்க்கையின் நொதி. ஒளிச்சேர்க்கை இலையில் மட்டுமா நடக்கிறது? பச்சைக் காயின் தோல் என்ன செய்கிறது? உரித்த பச்சைக் கொண்டைக்கடலையை வடக்கே வண்டியில் குவித்து விற்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதன் பருப்பு என்ன நிறம்?

'இலை' என்று அவர்கள் சொல்வது 'பச்சை' என்பதன் சோம்பேறி மொழிபெயர்ப்பு. காயிலும் இயங்கும் என்பதால்தான் அது பயன்படும். காயில் இயங்காவிட்டால் அந்தக் கொண்டைக்கடலையை உருவாக்குவதே வீண் செலவு.

இலை என்றே வைத்துக்கொள்வோம். வட இந்தியாவில் கடலைக் கீரை சமைக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் தட்டைப்பயறு இலை அன்றாடக் கீரை. அதே செடியின் காய்ந்த கொடி மாட்டுக்குத் தீவனம். நைஜீரியா 2019இல் மருக்காவைத் தாங்கும் பிடி தட்டைப்பயறுக்கு அனுமதி கொடுத்தது. ஜாரியாவின் வேளாண் ஆராய்ச்சி நிலையம் சாம்பீ 20-டி என்று பெயர் வைத்து அதை வெளியிட்டது. அங்கே போய் ஒரு பெண்மணியிடம் "பயப்படாதீங்க, இலையில மட்டும்தான்" என்று சொல்லிப் பாருங்கள். அவள் கையில் இருப்பதே இலைக்கட்டுதான்.

இதில் எனக்குக் கோபம் வருவது பொய்யால் மட்டும் இல்லை. தேவையே இல்லாத பொய் என்பதால். க்ரை புரதங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். புழுவின் குடல் காரத்தன்மை கொண்டது. அங்கே புரதம் கரைந்து, வெட்டுப்பட்டு, குடல் செல்லின் மேலுள்ள குறிப்பிட்ட ஏற்பிகளைப் பிடித்துக்கொண்டு துளை போடுகிறது. நம் வயிறு அமிலம். அந்த ஏற்பிகளும் நம்மிடம் இல்லை. போதாக்குறைக்குப் பயறை நாம் குக்கரில் ஐந்து விசில் விட்டுத்தான் சாப்பிடுகிறோம். நன்றாகச் சோதித்து அனுமதிக்கப்பட்ட ஒரு பிடி கொண்டைக்கடலையின் விதையில் க்ரை புரதம் இருந்தால் நான் சாப்பிடுவேனா? சாப்பிடுவேன். என் வீட்டுக் குழந்தைகளுக்கும் கொடுப்பேன். இதை மேடையில் சொல்ல வேண்டியதுதானே? "ஆமாம் அய்யா, விதையிலும் காயிலும் இருக்கும், அங்கே இருந்தால்தான் புழு சாகும், ஆனால் நமக்கு ஏன் ஒன்றும் ஆகாது என்று சொல்கிறேன் கேளுங்கள்" என்று அந்தப் பெரியவரிடம் பேசியிருந்தால் அவர் உட்கார்ந்து கேட்டிருப்பார். ஐம்பது வருஷம் பூச்சிமருந்து டப்பாவின் மேல் மண்டையோட்டைப் பார்த்தவர் அவர். எது எவ்வளவு விஷம் என்ற கணக்கு நம்மைவிட அவருக்குத் தெரியும். அதற்குப் பதிலாக "விதைக்கு வராது" என்று சொல்லும்போது, வந்தால் ஆபத்து என்று நீங்களே அவருக்குக் கற்றுக்கொடுக்கிறீர்கள். நாளைக்கு யாரோ ஓர் ஆய்வகத்தில் விதையில் சில மைக்ரோகிராம் கண்டுபிடிப்பார்கள். அது தலைப்புச் செய்தியாகும். அந்தச் செய்தியை எழுதியவர் நீங்கள்தான்.

'குறிப்பிட்ட திசுவில் மட்டும்' என்றாலே 'எங்கும்' என்பதைவிடப் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்களுக்கு மக்காச்சோளத்தின் கதை ஒன்று. 1999இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிடி மக்காச்சோள மகரந்தம் தூவிய எருக்கினக் களைச்செடியின் இலையை மொனார்க் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்குக் கொடுத்தார்கள். பல செத்தன. உலகமே அலறியது. இரண்டு வருஷம் பலர் சேர்ந்து வயலில் அளந்து 2001இல் முடிவுகளை வெளியிட்டபோது விஷயம் தெளிந்தது. பரவலாகப் பயிரான வகைகளின் மகரந்தத்தில் புரதம் மிகக் குறைவு. வயலில் ஆபத்து சொற்பம். ஒரே ஒரு ஈவென்ட் மட்டும் விதிவிலக்கு, 176 என்ற எண் கொண்டது. அதன் மகரந்தத்தில் புரதம் பல மடங்கு. ஏன்? எங்கும் இயங்கும் 35 எஸ் ப்ரமோட்டர் மகரந்தத்தில் மந்தமாகத்தான் இயங்கும். ஆனால் 176இல் வைத்திருந்தவை இரண்டு திசு சார்ந்த ப்ரமோட்டர்கள்: ஒன்று பச்சைத் திசுவுக்கு, இன்னொன்று மகரந்தத்துக்கென்றே. மரபணு கிட்டத்தட்ட அதே, பயிர் அதே. 'எங்கும்' என்று எழுதியது வண்ணத்துப்பூச்சியை விட்டுவிட்டது. 'குறிப்பாக' என்று எழுதியது கொன்றது. அந்த ஈவென்டின் அமெரிக்கப் பதிவு 2001இல் காலாவதியாக விடப்பட்டது.

இன்னும் ஒன்று. திசு சார்ந்த ப்ரமோட்டர்கள் நம்மைக் காப்பாற்றத்தான் கண்டுபிடிக்கப்பட்டன என்பதுபோல் ஒரு தொனி பரப்பப்படுகிறது. பல இடங்களில் அவை காப்பாற்றுவது செடியை. ஒலீயிக் அமிலம் மிகுந்த சோயாவைப் பாருங்கள். எண்ணெயைக் கெட்டுப்போகச் செய்யும் கொழுப்பமிலங்களைக் குறைக்க எஃப்ஏடி2 மரபணுவை அடக்க வேண்டும். செடி முழுக்க அடக்கினால் இலையின் சவ்வுகள் குளிரில் திண்டாடும். அதனால் விதைக்கே உரிய ப்ரமோட்டரைப் போட்டு விதையில் மட்டும் அடக்குகிறார்கள். நேர்மையான பொறியியல். சாப்பிடும் பகுதியில்தான் மாற்றம், அதற்காகத்தான் மாற்றம்.

சரி, எதிர்முகாம்.

இவர்களின் கைவசம் எப்போதும் இருக்கும் ஆயுதம் ஆஸ்திரேலியப் பட்டாணி. கதை உண்மை. பாதியில் நிறுத்தப்பட்ட உண்மை. பீன்ஸ் விதையில் ஆல்ஃபா அமிலேஸ் தடுப்பான் என்று ஒரு புரதம் உண்டு. அதைத் தின்ற வண்டின் புழுவால் மாவுச்சத்தைச் செரிக்க முடியாது, பட்டினியில் சாகும். (இதே புரதத்தை மாவுச்சத்துத் தடுப்பு மாத்திரை என்று உடல் மெலிய விரும்புவோருக்கு எண்பதுகளில் அமெரிக்காவில் விற்றார்கள். 1982இல் அரசு தலையிட்டு நிறுத்தியது. ஆசைக்கு எல்லையில்லை.) சிஎஸ்ஐஆர்ஓவின் டி.ஜே. ஹிக்கின்ஸ் குழுவும் அமெரிக்க ஆய்வாளர்களும் அந்த மரபணுவைப் பட்டாணியில் வைத்தார்கள். ப்ரமோட்டரும் பீன்ஸிலிருந்தே, லெக்டின் மரபணுவுடையது, விதைக்கே உரியது. 1994இல் சேமிப்பு வண்டுகள் தோற்றன. 2000இல் வயலிலும் பட்டாணி வண்டிடமிருந்து முழுப் பாதுகாப்பு. ப்ரமோட்டர் சொன்ன வேலையைச் சொன்ன இடத்தில் செய்தது. பாடநூலில் போடலாம்.

2005இல் கான்பெராவில் அந்தப் பட்டாணியை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் நோயெதிர்ப்பு மண்டலம் கிளர்ந்தது, நுரையீரலில் அழற்சி வந்தது. பீன்ஸில் உண்டான அதே புரதத்துக்கும் பட்டாணியில் உண்டான புரதத்துக்கும் மேலே ஒட்டிக்கொள்ளும் சர்க்கரைத் துணுக்குகளில் நுட்பமான வேறுபாடு இருந்ததாகக் கண்டார்கள். எழுத்து ஒன்றே, உச்சரிப்பு வேறு. ப்ரமோட்டர் எங்கே, எப்போது, எவ்வளவு என்பதற்குத்தான் பொறுப்பு. புரதம் உண்டான பிறகு அந்த வீட்டுச் சமையலறையில் அதற்கு என்ன அலங்காரம் நடக்கிறது என்பதில் அதற்கு எந்த அதிகாரமும் இல்லை. பத்தாண்டு உழைப்பை சிஎஸ்ஐஆர்ஓ மூட்டை கட்டி வைத்தது.

எதிர்ப்பாளர்களின் கதை இங்கே முடிகிறது. அடுத்து நடந்ததை அவர்கள் சொல்வதில்லை. 2011இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சாதாரண பீன்ஸிலிருந்து எடுத்த அதே தடுப்பான் புரதமும் எலிகளைக் கிளறவே செய்தது. 2013இல் வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மிஷெல் எப்ஸ்டைனின் குழு எலிகளுக்கு மரபணு மாற்றிய பட்டாணி, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை மட்டுமல்லாமல் சாதாரண பீன்ஸையும் மாற்றாத பட்டாணியையும் கொடுத்தது. மரபணு மாற்றிய பட்டாணிக்குத் தனியான ஒவ்வாமைக் குணம் எதுவும் தெரியவில்லை. மாற்றாத பட்டாணியைத் தின்ற எலிகளிலேயே அந்தத் தடுப்பானை அடையாளம் காணும் எதிர்ப்புப் புரதங்கள் தோன்றின. பட்டாணியின் சொந்த லெக்டின் அதற்கு உறவுமுறை. அதாவது 2005இன் சோதனையில் ஒப்பீட்டுக்கு இன்னும் அகலமான ஒரு வரிசை தேவைப்பட்டிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டே 2005ஐ மட்டும் இன்றைக்கும் துண்டுப்பிரசுரத்தில் அச்சிடுகிறவர், விதைக்கு வராது என்று மேடையில் சொல்கிறவரின் சகோதரர். இருவருக்கும் பாதி வாக்கியம் போதுமாயிருக்கிறது.

35 எஸ் ப்ரமோட்டரை "வைரஸ் மரபணு" என்று காட்டிப் பயமுறுத்துவதும் அப்படியே. அது காலிஃப்ளவர் மொசைக் வைரஸின் ஒரு துண்டு, சரி. அந்த வைரஸ் தொற்றிய காலிஃப்ளவரையும் முட்டைக்கோஸையும் மனிதர்கள் தலைமுறைகளாக வதக்கித் தின்றுகொண்டிருக்கிறார்கள், முழு வைரஸோடு.

அதற்காக 2013ஐக் காட்டி "பார்த்தீர்களா, எல்லாம் சும்மா பயம்" என்று சொல்கிறவர்களோடு நான் கைகுலுக்கத் தயாரில்லை. 2013 தெளிவானதே 2005இல் யாரோ ஒருவர் எலிக்குக் கொடுத்துப் பார்த்ததால். சட்டம் கட்டாயப்படுத்தியதைவிட அதிகமாகச் சோதித்தார்கள். ப்ரமோட்டர் சரியாக வேலை செய்கிறது, விதையில் புரதம் இருக்கிறது, வண்டு சாகிறது என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

விதை ஒரு வெற்றுப் பாத்திரம் இல்லை என்பதை லூப்பின் பயறும் காட்டியது. கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் பயறுகளில் குறைவு. அதை ஈடுகட்ட சூரியகாந்தி விதையின் ஒரு புரதத்தை லூப்பின் விதையில் வைத்தார்கள், 1997இல். மெத்தியோனின் 94 சதவீதம் கூடியது. கைதட்டலாம். சிஸ்டைன் 12 சதவீதம் குறைந்திருந்தது. மொத்தக் கந்தகத்தில் மாற்றமே இல்லை. வீட்டுக்கு வந்த சம்பளம் அதே, செலவுக் கணக்கு மட்டும் மாறியிருக்கிறது. இதையும் ப்ரமோட்டரின் பெயர் உங்களுக்குச் சொல்லாது. விதையை அரைத்து அளந்தவர்தான் சொன்னார்.

அதனால் எனக்கு வேண்டியது ஓர் அட்டவணை. கேட்கச் சாதாரணமாக இருக்கும். குறிப்பிட்ட அந்த ஈவென்டில், வேர், வேர்முடிச்சு, தண்டு, இளம் இலை, முதிர் இலை, மொட்டு, மகரந்தம், பச்சைக் காய்த்தோல், பச்சை விதை, காய்ந்த விதை, இவை ஒவ்வொன்றிலும் ஒரு கிராமுக்கு எத்தனை மைக்ரோகிராம் புரதம். எந்த ஊரில், எந்தப் பருவத்தில், மழை பொய்த்த வருஷத்தில் எவ்வளவு. ஊறவைத்து வேகவைத்த பிறகு எவ்வளவு. அந்தப் புரதம் இந்தச் செடியில் எந்த அலங்காரத்தோடு உண்டாகிறது. ஆய்வகங்கள் இவற்றில் பெரும்பகுதியை எப்படியும் அளக்கின்றன. அனுமதிக்கான கோப்பில் இவை இருந்தாக வேண்டும். பிரச்சினை, கோப்பு யார் கையில் என்பது. கடுகு விஷயத்தில் 2016இல் சுருக்கத்தை இணையத்தில் போட்டுவிட்டு, முழுக் கோப்பைப் படிக்க டெல்லியில் அமைச்சகத்துக்கு வரச் சொன்னார்கள். தூத்துக்குடியில் உளுந்து போடுகிறவர் டெல்லிக்கு ரயிலேறி வந்து எலைசா அட்டவணையைப் புரட்ட வேண்டும். இதற்கு வெளிப்படைத்தன்மை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான் வேலை செய்யும் உலகில், மூடிய நிரலை விற்கிறவனிடம்கூடச் சோதனை முடிவுகளைக் கேட்கலாம். கொடுக்காவிட்டால் வாங்காமல் போகலாம். பருப்பு அப்படியில்லை. சாம்பாருக்கு மாற்று கிடையாது. இந்தியாவில் இன்றுவரை எந்த மரபணு மாற்றப் பயறும் விவசாயிக்கு விற்பனைக்கு வரவில்லை என்பதால் இந்தச் சண்டையை நிதானமாகப் போட இப்போது நேரம் இருக்கிறது. காய்ப்புழுவுக்கு எதிராகத் துவரை வயலில் மருந்தடிக்கிறவனின் முகத்தில் காற்று திரும்பி அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு, இந்தத் தொழில்நுட்பம் வேண்டாம் என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்ல வாய் வராது. எனக்கு வரவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே டீ குடிக்கும்போது அந்தப் பெரியவரிடம் போய், உங்கள் கேள்விக்கு பதில் இருக்கிறது, காயிலும் இருக்கும், விதையிலும் இருக்கலாம், ஆனால் நமக்கு ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். அவர் டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அத அந்த ஆளு ஏன் தம்பி சொல்லல?"